செட்டிநாட்டில் ஊர் அருங்காட்சியகம்: எல்லோரும் கேட்கிற கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன அருங்காட்சியகம் வைக்கலாம் என்று பேச்செடுத்தால் போதும், ஒரே மாதிரி சந்தேகங்கள் வந்துவிடும். திருவிழாவுக்கு ஊர் வந்தவர்கள் கேட்பதும், பக்கத்து ஊர்க்காரர்கள் போனில் கேட்பதும், பொருள் கொடுக்க வந்தவர்கள் வாசலில் நின்றபடி கேட்பதும் ஏறக்குறைய இவைதான். எங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டின் முகப்பிலும், அதற்கு உள்ளே இரண்டாம் கட்டு என்கிற பகுதியிலும் நடத்திவருகிறோம், அதில் பழகியதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"ஊருக்குள்ள ரெண்டு ரூம்ல பழைய சாமான அடுக்கி வச்சா அது மியூசியமாயிடுமா?"

ஆகாது. அது சாமான் அறை, அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளும் யார் வீட்டிலிருந்து வந்தது, யார் செய்தது, எதற்குப் புழங்கியது என்று எழுதி வைத்திருக்க வேண்டும், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், யார் வந்தாலும் பார்க்க முடிய வேண்டும், வந்த பொருளை லாபத்துக்கு விற்கக் கூடாது. இவ்வளவும் இருந்தால் ஒரே அறை என்றாலும் அது அருங்காட்சியகம்தான். உலக அருங்காட்சியகங்களின் அமைப்பான ஐகாம் 2022இல் பிராகு நகரில் கூடி வரையறையைத் திருத்தியபோது, மக்களின் பங்கேற்போடு இயங்குவது என்பதையும் அதற்குள் சேர்த்தார்கள். கிராமத்துக்கு அந்த ஒரு வரி முக்கியம்.

பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நம்மிடம் இருப்பதைவிடப் பத்து மடங்கு பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு தேக்குப் பெட்டகம் அந்தத் தெருவுக்கு வந்து சேரும்போது அது எந்த ஊர், எந்த வீடு, அதில் என்ன வைத்துப் பூட்டினார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் வழியிலேயே போய்விடுகிறது. அந்த விவரத்தைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை, பெட்டகம் அதோடு சேர்ந்து வருகிறது.

"புதுக்கோட்டையில இருக்கு, சிவகங்கையில இருக்கு, கீழடியும் வந்தாச்சு. இந்தச் சின்ன ஊருக்கு எதுக்கு இன்னொண்ணு?"

அவர்கள் வேலை வேறு. புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் 1910இலிருந்து இருக்கிறது, ஒரு சமஸ்தானத்தின் சேகரிப்பு அது. கீழடியில் 2023இல் திறந்தது அகழாய்வில் கிடைத்தவற்றுக்கானது. ஐம்பது அறுபது வருடம் முன்புவரை நம் வீடுகளில் புழங்கிய மங்குத் (எனாமல்) தட்டும், ரங்கூனிலிருந்து வந்த கடிதமும், மண்வெட்டியும், கொத்தனார் கரண்டியும் அங்கே போய்ச் சேரப் போவதில்லை. அவற்றைப் பார்த்ததும் "இது இன்னார் வீட்டுது" என்று சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அது நடந்ததால்தான் அந்தப் புத்தகங்கள் பிழைத்தன, அதில் எனக்குக் கொஞ்சமும் குறையில்லை. ஆனால் ஒரு தனி மனிதர் செட்டிநாட்டு ஊர் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு சேர்க்க முடிந்தது, அதைக் காக்க ஊரில் ஓர் ஏற்பாடு இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. வீடுகளின் அழகைப் பற்றிப் பேச வெளியூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல நாம்தான்.

"முதல்ல என்ன வாங்கணும்? கண்ணாடி அலமாரியா?"

ஒரு நல்ல தையல் போட்ட நோட்டு வாங்குங்கள். அலமாரி ஒரு வருடம் கழித்து வந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வரவுப் பதிவேடு இல்லாமல் முதல் பத்துப் பொருள் உள்ளே வந்துவிட்டால், பதினோராவது வரும்போது முதலில் வந்தது யார் கொடுத்தது என்று சண்டை ஆரம்பித்துவிடும்.

எண் கொடுப்பது எளிது. 2025.12.3 என்றால் 2025ஆம் ஆண்டில் 12ஆவதாக வந்த கொடையில் 3ஆவது பொருள். அந்த எண்ணுக்கு நேரே பொருளின் பெயர் (நம் ஊரில் சொல்கிற பெயர்), அளவு, எதனால் ஆனது, எங்கே உடைந்திருக்கிறது, யார் கொடுத்தார், வந்த நாள், அதைப் பற்றி அவர் சொன்னது. கடைசிக் கட்டம்தான் பொன். "பித்தளைத் தூக்கு, உயரம் 22 செ.மீ., மூடி நெளிந்தது" என்று யாரும் அளந்து எழுதிவிடலாம். "வயலில் களை எடுத்தவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோனது, மூடி நெளிந்தது வரப்பில் விழுந்தபோது" என்பதைக் கொடுத்தவர் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

பொருளின் மேல் பெர்மனன்ட் மார்க்கரால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். பருத்தி நாடாவில் பென்சிலாலோ அழியாத மையாலோ எண்ணை எழுதிக் காதிலோ பிடியிலோ தளர்வாகக் கட்டினால் போதும். நோட்டில் எழுதியதை அப்படியே கணினியில் எக்செல் கோப்பாக ஏற்றி, ஒரு படி ஊருக்கு வெளியே இருக்கிற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

"எங்க ஆயாவோட தூக்குச்சட்டியக் குடுத்துட்டா, கேட்டா திரும்பத் தருவீங்களா?"

கொடையாகக் கொடுத்தால் தர மாட்டோம், இரவலாகக் கொடுத்தால் சொன்ன தேதியில் தருவோம். இரண்டில் எது என்பதை வாங்கும்போதே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்கிறோம். "சும்மா வச்சுக்கங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கொடுப்பதை வாங்குவதில்லை. கேட்பதற்குக் கறாராக இருக்கும், ஆனால் ஊரில் நம்பிக்கை வளர்ந்தது இந்தத் தாளால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். தன் வீட்டுப் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, எப்போது வந்தாலும் எடுத்துக் காட்டுவார்கள் என்று ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் அடுத்த வீடு தானாக வரும்.

மனசுக்குத் தயக்கமாக இருந்தால் ஒரு வருட இரவலாகக் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் வருடம் முடிந்ததும் வந்து பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும் என்று கொடையாக மாற்றிவிடுகிறார்கள்.

"பங்காளிங்க அஞ்சு பேர்ல ஒருத்தர் சரின்னு சொன்னா போதுமா?"

போதாது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வீடு ஒன்று, பங்கு பல. ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் பெங்களூரில், ஒருவர் கோலாலம்பூரில். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் நல்ல மனதோடு எடுத்துக் கொடுத்துவிடுவார், முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வந்து சேரும்போது "அந்த அண்டா எங்கே?" என்று கேள்வி வரும். நாம் அந்தக் குடும்பத்துக்குள் சண்டை மூட்டியவர்கள் ஆகிவிடுவோம்.

தனிப் பங்காக ஒருவருக்கு ஒதுங்கிய பொருள் என்றால் அவர் கையெழுத்து போதும். பொதுவில் இருப்பது என்றால் எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும், கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ. அது கிடைக்கும்வரை பொருளைப் படம் எடுத்து விவரம் எழுதிக்கொண்டு, பொருளை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விவரம் பதிவாகிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. படைப்பு வீட்டில் வைத்துக் கும்பிடும் பொருட்களை நாங்கள் கேட்பதே இல்லை.

"இதுக்குன்னு படிச்சவங்க யாருமே ஊர்ல இல்லியே. யாரு பாத்துக்குவா?"

படித்தவர்கள் இல்லை, சரி. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய பேரேட்டில் தமிழ் எண்களும் மா, காணி, முந்திரி என்று பின்னக் கணக்கும் இருக்கும். முந்திரி என்றால் 320இல் ஒன்று. இதைப் பட்டதாரிகள் யோசித்துக்கொண்டு நிற்கும்போது, வட்டிக்கடையில் கணக்கெழுதி ஓய்ந்த ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடகடவென்று வாசிப்பார். பெட்டகத்தின் ரகசியப் பூட்டு எப்படித் திறக்கும் என்று ஆசாரிக்குத் தெரியும். ஒரு கொட்டானைக் (பனையோலைக் கூடை) கையில் கொடுத்தால் ஓலை எப்படிக் கிழித்தது, சாயம் எப்படி ஏற்றியது என்று பின்னுகிற அம்மா சொல்லிவிடுவார். இவர்கள்தான் நம் நிபுணர்கள். ஒவ்வொருவரோடும் எழுதத் தெரிந்த, போனில் பதிவு செய்யத் தெரிந்த இளைஞர் ஒருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள். பெரியவர் சொல்லச் சொல்லப் பதிவேடு நிரம்பும், அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு வருடத்தில் கண் பழகிவிடும்.

பாதுகாக்கிற நுட்பத்தைத்தான் வெளியில் கற்க வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. லக்னோவில் பண்பாட்டுப் பொருட்களின் பாதுகாப்புக்கென்றே தேசிய ஆய்வகம் 1976இலிருந்து இயங்குகிறது, அதன் கிளை மைசூரில் உண்டு. இன்டாக் என்கிற மரபுப் பாதுகாப்பு அமைப்பும் இந்த வேலையில் இருக்கிறது. பயிற்சி நடக்குமா என்று கடிதம் போட்டுக் கேளுங்கள், அனுப்பினால் ஒருவரை அனுப்பாமல் இருவரை அனுப்புங்கள், திரும்பி வந்ததும் மற்றவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துகாட்ட வேண்டும் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே இருப்பதை மறந்துவிடாதீர்கள். உலோக அரிப்பைப் பற்றி ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியில்தான் இருக்கிறது, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். செம்பு ஏன் பச்சையாகிறது என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். அழகப்பா பல்கலைக்கழக மாணவர்களுக்குச் செயல்திட்டம் தேவை, நமக்குக் கை தேவை. ஆனால் மாணவர்கள் வந்தால் மூன்று மாதத்தில் போய்விடுவார்கள். அதனால் நடுவில் விட்டுப்போனால் பாழாகிற வேலையை அவர்களிடம் கொடுக்காமல், ஐம்பது புகைப்படத்துக்கு விவரம் எழுதுவது போல முடியக்கூடிய வேலையாகக் கொடுங்கள்.

"பித்தளைச் சாமானப் புளி போட்டு பளபளன்னு தேச்சு வச்சா நல்லா இருக்குமே?"

தயவுசெய்து வேண்டாம். வீட்டில் புழங்குகிற பாத்திரத்துக்கு அது சரி. இங்கே ஒரு சருவத்தை எடுத்துச் சன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். வாயோரத்தில் புள்ளி புள்ளியாக உளியால் பெயர் வெட்டியிருக்கும், அந்த வீட்டு விலாசத்தின், அதாவது முன்னோர் பெயர்களின், முதலெழுத்துகள் வரிசையாக, சிலவற்றில் எடையும்கூட. பல தலைமுறை தேய்த்ததில் சில எழுத்து ஏற்கெனவே விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. புளியின் அமிலம் ஒவ்வொரு தடவையும் மேற்பரப்பைக் கொஞ்சம் தின்கிறது, செங்கல் தூளோ சாம்பலோ சேர்த்தால் இன்னும் மோசம். இன்னும் நாலு தடவை தேய்த்தால் அது எந்த வீட்டுப் பாத்திரம் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும்.

மென்மையான தூரிகையால் தூசி தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கறுத்திருப்பது நோய் கிடையாது. பச்சைப் பொடியாக உதிர்ந்தால் மட்டும் அதைத் தனியே எடுத்து வைத்து, மேலே சொன்ன உலோகம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். கை வியர்வையில் உப்பு இருக்கிறது, அதனால் தொடுவதற்கு முன்பு கையைக் கழுவித் துடைத்துக்கொள்வது எல்லோருக்கும் பொதுவான விதி, தலைவர் உட்பட.

"பேரேடு, ஓலை எல்லாம் கரையான் திங்குது. என்ன மருந்து அடிக்கணும்?"

மருந்துக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து செங்கல் வைத்து உயர்த்துங்கள். கரையான் மண் கோடு போட்டுக்கொண்டுதான் ஏறும், இடைவெளி இருந்தால் அது கண்ணில் படும். வாரத்துக்கு ஒருவர் டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எந்தப் பூச்சிமருந்தையும்விட இந்த வாராந்திரச் சுற்றுதான் அதிகம் காப்பாற்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடு ஒழுகும் இடம் எது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், அந்த இடத்துக்கு நேர்கீழே எதையும் வைக்காதீர்கள்.

தாளை லேமினேட் செய்யக் கூடாது, கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டக் கூடாது, இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். காடாத் துணியில் சுற்றி வையுங்கள், ஆனால் புதுத் துணியை இரண்டு தடவை துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட்டுச் சுற்றுங்கள், கஞ்சிக்குப் பூச்சி வரும். இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தம்) மாதிரி ஓலைகளுக்குப் புல்தைலம் தடவுகிற வழக்கம் உண்டு, அதை ஓலை கையாளத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். தாளுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. எல்லாவற்றுக்கும் முன்பு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், பொருளுக்கு என்ன ஆனாலும் எழுத்தாவது மிஞ்சும்.

"அது செட்டியார் வீட்டு விசயம். எங்களுக்கு அங்க என்ன வேலை?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கொத்தனாரின் மகன். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு இந்தக் கேள்விதான் முதல் காரணம். அந்த வீடுகளைக் கட்டக் காசு கொடுத்தவர்கள் நகரத்தார். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்து, சுவரைக் கண்ணாடி மாதிரி இழைத்தது யார்? பர்மாத் தேக்கில் நிலை செதுக்கியது யார்? தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் இன்றைக்கும் கண்ணாடித் தகட்டின் மேல் சாயச் சாந்தை ஊற்றிக் கையால்தான் போடுகிறார்கள். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை நெய்தவர்கள் இருக்கிறார்கள். ஐயனாருக்கு மண்குதிரை செய்கிற வேளார்கள், நூறு பேருக்குச் சமைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், கிணறு வெட்டியவர்கள். இவர்கள் யாரும் இல்லாத செட்டிநாடு என்று ஒன்று கிடையாது.

ஆனால் அவர் கேட்டதில் இன்னொன்றும் இருக்கிறது. பலருடைய தாத்தாக்கள் இந்த வீடுகளில் முகப்பைத் தாண்டி வளவு என்கிற உள் முற்றத்துக்குள் வந்ததில்லை, வர விட்டதுமில்லை. அந்த நினைவு இன்னும் ஊரில் உயிரோடு இருக்கும்போது "எல்லோரும் வாருங்கள்" என்று பலகை எழுதி மாட்டினால் யாரும் வரப் போவதில்லை. முதல் கூட்டத்தை அந்த வீட்டில் வைக்காமல் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். நடத்துகிற குழுவில் எல்லாத் தெருவுக்கும் இடம் கொடுங்கள், பெண்களுக்கும். அப்புறம், வந்து பாருங்கள் என்று அழைப்பதற்கு முன்பு, உங்களிடம் இருப்பதைச் சொல்லிக்கொடுங்கள் என்று நாமே வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும். அந்தக் கொத்தனார் குடும்பத்திலிருந்து ரசமட்டமும், தூக்குக்குண்டும், பூச்சை இழைக்கிற கூழாங்கல்லும் வந்தன. கல்லின் ஒரு பக்கம் மட்டும் உள்ளங்கைக்கு ஏற்றபடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. பித்தளை அண்டாக்களுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் அதை வைத்து, செய்தவர் பெயரை எழுதியிருக்கிறோம். இப்போது சுவர் பூச்சு பற்றி யார் கேட்டாலும் விளக்குவது அந்த மகன்தான்.

"ஒரு தடவ வந்து பாத்துட்டா மறுபடி எதுக்கு வரணும்?"

நியாயம்தான், வைத்ததே வைத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். பாதியை உள்ளே வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காட்டுங்கள். ஊருக்கு ஆள் வருகிற நாளைப் பார்த்துச் செய்யுங்கள்: பொங்கல், கோயில் திருவிழா, மஞ்சுவிரட்டு, கல்யாணச் சீசன். மே 18 உலக அருங்காட்சியக நாள், பள்ளி விடுமுறை வேறு, வெளியூர்ப் பேரப்பிள்ளைகள் எல்லாம் ஊரில் இருப்பார்கள்.

இதில் அதிகம் பலித்தது, பெயர் தெரியாத பழைய புகைப்படங்களின் நகலை முகப்பில் ஒரு கயிற்றில் மாட்டி, பக்கத்தில் பென்சிலும் தாளும் வைத்தது. "இது எங்க அப்பச்சி", "பக்கத்துல நிக்கிறது டிரைவர்" என்று எழுத ஆரம்பித்தார்கள். பிறகு அதையே போனில் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்பி, அங்கிருந்து பெயர் வந்தது. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பத்துக் கதை ஒன்று அப்படித்தான் கிடைத்தது. தாங்கள் சொன்னது அடுத்த மாதம் படத்துக்குக் கீழே அச்சில் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி வருவார்கள். அதனால் கண்டிப்பாக அச்சிட்டு வையுங்கள்.

"ஸ்கூல் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தா ஏதாவது ஒடச்சிருவாங்களே?"

தொடவே கூடாது என்றால்தான் உடையும். தொடுவதற்கென்று ஒரு பெட்டி தனியே வையுங்கள்: இரட்டிப்பாக இருக்கிற உழக்கு, படி, பல்லாங்குழி, புதிதாகப் பின்னிய கொட்டான், உடைந்த ஆத்தங்குடிக் கல். பதிவேட்டில் இதற்குத் தனிப் பக்கம். பிள்ளைகள் படியால் நெல்லை அளந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்பார்கள், அடுத்த வாரம் பாட்டி ஒரு மரக்காலோடு வருவார்.

"குடுக்கறத எல்லாம் வாங்கிக்கணுமா? வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்களே?"

வாங்கக் கூடாது. எதை வாங்குவோம், எதை வாங்க மாட்டோம் என்று குழு ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், மறுப்பது அந்தத் தாள்தான், நீங்கள் அல்ல. ஒரே மாதிரி ஏழு தையல் இயந்திரம் வந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற ஆறின் விவரத்தையும் கதையையும் பதிவு செய்துகொள்ளலாம். கொடுக்க வந்தவரை உட்கார வைத்து, அவர் சொல்வதை எழுதி, படம் எடுத்து, "பொருள் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும், இந்தப் பதிவு எங்களிடம் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

"டிக்கெட் போடலாமா?"

ஊர்க்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டாம். காரைக்குடி, கானாடுகாத்தான் வந்து அப்படியே இங்கும் வருகிற சுற்றுலாக்காரர்களிடம் வாங்கலாம், ரசீது கொடுத்து.

"காசுக்கு என்ன பண்றது?"

முதலில் சட்டப்படி ஒரு அமைப்பு வேண்டும். அறக்கட்டளையாகப் பதியலாம், அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேராவது சேர்ந்து சங்கமாகப் பதியலாம். என் கருத்தில் ஊர் நடத்துவதற்குச் சங்கம் பொருத்தம், வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, நிரந்தரக் கணக்கு எண் (பான்), வருமான வரித் துறையில் பதிவு, 80ஜி என்று எல்லோரும் சொல்கிற நன்கொடைச் சலுகை இவற்றை ஒரு ஆடிட்டரை வைத்து முடித்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது, அதனால் வங்கி வழியாகவே வாங்குங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்துக்கு அருங்காட்சியகங்களுக்கான நிதியுதவித் திட்டம் இருக்கிறது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்கலாம், 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மரபும் கலையும் இருக்கின்றன. இவர்கள் எல்லோரும் கேட்கப்போவது பதிவேட்டையும் தணிக்கை செய்த கணக்கையும்தான்.

ஆனால் பெரிய தொகை வரும் என்று காத்திருக்காதீர்கள். ஊரில் மாதம் நூறு ரூபாய் கொடுக்கிற அறுபது வீடு, ஒரே தடவை ஒரு லட்சம் கொடுக்கிற ஒருவரைவிடப் பலம். அந்த அறுபது வீடும் கரண்டு பில் கட்டியாகிவிட்டதா, ஓடு மாற்றியாயிற்றா என்று கேட்பார்கள். பெரிய நன்கொடையாளரை மதியுங்கள், கல்லில் பெயர் வேண்டும் என்றால் போடுங்கள், எது எங்கே இருக்க வேண்டும் என்கிற முடிவு மட்டும் குழுவிடம் இருக்கட்டும்.

"மலேசியாவுல இருக்கற சித்தப்பா பணம் அனுப்புறேங்கறாரு. வாங்கலாம்ல?"

அவர் கையில் என்ன பாஸ்போர்ட் இருக்கிறது என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. மலேசிய, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் என்றால், சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்கிற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அமைப்பு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, அந்தப் பணமும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் அதற்கென்று தொடங்கிய கணக்கில்தான் வர வேண்டும். பதிவு கேட்க அமைப்பு மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும். அதுவரை சித்தப்பாவிடம் பணத்துக்குப் பதிலாகப் பழைய கடிதங்களின் படங்களைக் கேளுங்கள், அங்கே இருக்கிற பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

"வீட்ல பழைய சாமி செலை ஒண்ணு இருக்கு, தந்தத்துல செஞ்சதும் இருக்கு. எடுத்துக்கிறீங்களா?"

இரண்டுமே அப்படியே வாங்க முடியாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணங்களுக்கு 75 வருடமே போதும். சிலையைத் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிந்திருக்க வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும். கோயிலிலிருந்து வந்ததாக ஒரு சின்னச் சந்தேகம் இருந்தாலும் தொடாதீர்கள். அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், தாசில்தார் அலுவலகத்தில் சொன்னால் வழி காட்டுவார்கள். தந்தம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, பரம்பரையாக வந்ததா, சான்றிதழ் இருக்கிறதா என்பதை வீட்டுக்காரர்கள் வனத்துறையிடம்தான் பேச வேண்டும். இரவலாகவும் வேண்டாம். முன்பு பங்காளிகள் விஷயத்தில் சொன்னது போல, உரிமை தெளிவாகாத எதையும் வாசலுக்குள் விடாமல் இருப்பதுதான் ஊருக்கும் நல்லது.

"நீங்க இருக்கற வரைக்கும் சரி. அதுக்கப்புறம்?"

பொறுப்பில் இருக்கிற யாருக்கும் பக்கத்தில் அதே வேலையைப் பழகுகிற இன்னொருவர் இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறோம். சாவி இரண்டு பேரிடம், வங்கியில் கையெழுத்து மூன்று பேரில் இருவர், பதிவேட்டின் படி ஊருக்கு வெளியே ஒன்று. மூன்று வருடத்துக்கு ஒரு முறை செயலாளர் மாற வேண்டும், மறுபடி வரலாம், தொடர்ந்து இருக்கக் கூடாது.

அப்படியும் ஒருநாள் நடத்த முடியாமல் போகலாம். சங்கத்தின் விதிகளில் அதற்கும் ஒரு பிரிவு எழுதியிருக்கிறோம்: இரவல் பொருட்கள் முதலில் உரியவர் வீட்டுக்கு, கொடைப் பொருட்கள் விற்கப்படாமல் இதே வேலை செய்கிற இன்னொரு பொது அமைப்புக்கு, கொடுத்த குடும்பங்களுக்கு மூன்று மாதம் முன்னறிவிப்போடு. கொடை வாங்கும் தாளின் பின்பக்கத்தில் இந்தப் பிரிவு அச்சிட்டிருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களும் இதைப் பதிவு செய்யும்போதே விதிகளில் எழுதிவிடுங்கள், பிறகு சேர்ப்பதற்குத் திரும்பவும் பொதுக்குழு கூட்டிப் பதிவாளர் அலுவலகம் போக வேண்டியிருக்கும்.